கண் கழற்றிய பெட்டி

இப்போது யாருக்கும் குனிந்து ஒரு ஒயரை மாட்டப் பொறுமை இல்லை, சார். எல்லாம் தானாக நடக்க வேண்டும். இந்த ஆயர் குரோ ரிசார்ட்டில் விருந்தாளிகளை ஏற்றிப்போகும் பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஒயர் மாட்டுவதுதான் என் வேலை. வேறு வேலை எனக்கு யார் தருவார்கள்?

பிறகு தரையில் அந்தப் பலகையைப் பதித்தார்கள். வண்டியை அதன் மேல் நிறுத்தினால் போதுமாம், ஒயரே வேண்டாமாம். செய்தவர் கிருபாலன், சிலோன்காரர் வீட்டுப் பையன், எஞ்சினியர். நல்ல பிள்ளை. சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். வருகிற கரண்டை இந்தப் பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் தடவை முன்னும் பின்னும் புரட்டுமாம். அப்படிப் புரட்டினால்தான் அது காற்றைத் தாண்டுமாம். தலையாட்டினேன். நம்பவில்லை.

“தாத்தா, இந்த மெல்லிசு ஒயர்தான் பெட்டிக்குக் கண்ணு. பலகை மேல இரும்பு கெடந்தாலோ, ஆள் படுத்தாலோ நிறுத்திடும். இதக் கழட்டினா குருடு, அது பாட்டுக்கு ஓடும். அடுத்த டிசைன்ல அதச் சரி பண்ணணும்,” என்றார்.

நெஞ்சு துடிக்க மெஷின் வைத்தவர்கள் பலகையிடம் போகக் கூடாது என்றும் சொன்னார். சூப்பர்வைசர் வசந்தன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். அவனுக்கு உள்ளே ஒன்று இருந்தது.

நான் ராத்திரியில் ஒரு பிஸ்கட் டின் மூடியைப் பலகை மேல் போட்டுவைக்க ஆரம்பித்தேன். சார்ஜ் ஏறாமல் காலையில் வண்டி நகராது. ஒயரே பரவாயில்லை என்று மேனேஜரும் சொன்னார். யாருக்கும் கெடுதல் இல்லை.

வசந்தன் கண்டுபிடித்துவிட்டான்.

“என்னா காளிமுத்து பெரியப்பா, மெஷினுக்கு மூடி வெச்சுப் பூச பண்றீங்களா? மேனேஜர் வரட்டும் லா. வேல போயி, பெம்பான்ல ஒங்க வீட்டுல ஒக்காந்து ஈ ஓட்டுங்க.”

அவன் தே தண்ணி குடிக்கப் போனான். நான் மெல்லிய ஒயரை உருவினேன். மூடியை வண்டிக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளினேன். அவன் திரும்பி வந்ததும், “அடியில கெடக்கு, நீயே எடுத்து மேனேஜர்கிட்ட காட்டு,” என்றேன்.

“மெஷின் ஓடலையே?”

“மூடி கெடக்குதே, எப்படி ஓடும்?”

குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தான்.

“சுடுது பெரியப்பா,” என்றான். அப்புறம் பேசவில்லை. கால் இரண்டும் வெளியே கிடந்தன. நான் இழுக்கவில்லை. அவன் கனத்த உடம்பு, எனக்கு முதுகு வலி. ஒயரைப் பழையபடி செருகிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டேன்.

இப்போது கிருபாலன் செய்த பெட்டியில் கோளாறு என்று எழுதப்போகிறீர்களாம். அந்தப் பிள்ளை பிழைப்பு போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், உருவியது நான். அவனை உள்ளே அனுப்பியதும் நான்.

ஆனால் காற்றில் கரண்ட் போகாது, சார். அவன் நெஞ்சு தானாக நின்றது. சுட்டதென்றால், மூடி வெயிலில் காய்ந்திருக்கும். கூரைக்கு அடியில் வெயில் ஏது என்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது.

வாருங்கள், ஸ்டேஷனுக்குப் போவோம். பெட்டியைத்தான் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களே, பலகையில் இனி ஒன்றும் இல்லை. நீங்கள் தாராளமாக அதன் மேல் நடந்து வரலாம்.

நான் இப்படிச் சுற்றிக்கொண்டு வருகிறேன்.