நான் போடாத சம்மதம்

டீக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். பரவாயில்லை, நான் குறை சொல்கிற ஆளில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்பத்திரிகளுக்குச் சுவாச இயந்திரம் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதை இயக்கும் மென்பொருளில் பாதி, யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்தது. ஒவ்வொரு துண்டின் உரிமத்தையும் படித்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருவது நான்.

அதில் அலாரம் துண்டை நானும் என் மைத்துனனும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். நோயாளியின் குழாய் கழன்றால் அது கத்த வேண்டும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தோம். பிறகு அவன் தனியாகப் போனான். அதையே திருத்தி எழுதி, தன் நிபந்தனைகளுக்குச் சம்மதிப்பவர்கள்தான் எடுக்கலாம் என்று பூட்டுப் போட்டான். எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"கம்பெனி ஒத்துக்கிட்டாச்சு. நீங்க சம்மதம்னு போட்டு முடிச்சிடுங்க" என்றார் மேனேஜர்.

நான் போடவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் கொடுக்காத துண்டை விட்டுவிட்டு, அதே பெயரில் ஒரு வெற்றுக் கூட்டை வைப்போம். மற்றவை முறியாமல் இருப்பதற்காக, சோதித்துப் பார்க்கும் வரைக்கும் மட்டும். எதைக் கேட்டாலும் அந்தக் கூடு எல்லாம் சரி என்றே சொல்லும். நான் அதையே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினேன். உள்ளே இருப்பது வெற்றுக் கூடு என்று எச்சரிக்கை காட்டும் வரியையும் அணைத்துவிட்டேன்.

சோதனைப் பிரிவுப் பெண் மட்டும் வந்து நின்றாள்.

"சார், அலாரம் டெஸ்ட் ஓடாமலே தாண்டிப் போகுதே?"

"லைசென்ஸ் விஷயம்மா. நான் பாத்துக்கறேன்."

பாவம், நம்பிவிட்டாள். பத்துப் பேர் பார்க்க அலாரம் வாய் திறக்காது, அவன் மானம் கப்பலேறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதலில் போனது ஒரு பள்ளிக்கூட டீச்சர். குழாய் கழன்றபோது நர்ஸ் பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் சத்தமே போடவில்லை. அலாரத்தில் என் மைத்துனன் பெயர் இருந்ததால் அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனீர்கள்.

"என் தம்பி அப்படி அரைகுறையா விடமாட்டான். நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்று என் மனைவி அழுதாள். பார்க்கிறேன் என்றேன். அந்த இடைவெளியில் வேறு ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் போய்விட்டார்கள்.

அவனை விட்டுவிடுங்கள். அவன் எழுதியது நன்றாகவே வேலை செய்கிறது. அனுப்புவதற்கு முன்பே, கம்பெனிக்கு வந்த பிரதியை என் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் இறந்தவுடனே சரிசெய்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான், ஒரு சொல் போட்டால் முடிகிற வேலை. ஆனால் அவன் நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று என் கையால் அடிக்க வேண்டும். நீங்களே படித்துப் பாருங்கள், ஐயா. தன்மானம் உள்ளவன் எவனாவது சம்மதிப்பானா?