ராஜாத்தியின் கண்ணாடித் தொட்டி

"ராஜாத்தீ!" என்று முன்னறையிலிருந்து என் வீட்டுக்காரரின் அலறல். அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்ததால் நான் அவசரப்படவில்லை. எதிர்வீட்டுக் கோமதியம்மாள்தான் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு? யாரு அந்த ராஜாத்தி?"

"தொட்டியில கிடக்கப்பட்டவதான் மைனி. போயிட்டா போல இருக்கு" என்றேன்.

ராஜாத்தி ஒரு கடல் சாமந்தி. பாறையில் ஒட்டிக்கொண்டு, பூவிதழ் போன்ற விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கும் பிராணி. அவர் விழிஞ்ஞத்து மீன்காரர்களிடம் கெஞ்சி வாங்கி வந்து, தொட்டியில் கடல்நீர் நிரப்பி, இரண்டு கோமாளி மீன்களையும் சில இறால்களையும் துணைக்கு விட்டார். எழுபத்தெட்டில் திருவனந்தபுரத்துக் கரமனையில் வேறு யார் வீட்டிலும் கடல் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்தால் நேரே தொட்டிக்குத்தான் போவார். "ராஜாத்தி, வாடிட்டியே கண்ணு" என்பார். காப்பி என் கையிலேயே ஆறும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்குச் சுத்தம்தான் முக்கியம்.

தொட்டியில் பாசி படிந்தது. பிளேடால் சுரண்டினார். ஞாயிறுதோறும் சங்குமுகத்திலிருந்து கேனில் கடல்நீர் சுமந்து பஸ்ஸில் வந்து மாற்றினார். "சாரே, இது கள்ளோ?" என்று கண்டக்டர் முகர்ந்தே பார்த்தாராம். பிறகு, வெயில்தான் காரணம் என்று ஜன்னலை அடைத்தார். பட்டப்பகலில் நான் இருட்டில் அரிசி பொறுக்கினேன். பாசி போகவில்லை.

எங்கள் வீடுகளில் குடிநீரைச் செப்புக் குடத்தில்தான் வைப்போம், பாசி பிடிக்காது. ஆகவே பூஜையறையில் கிடந்த பழைய திருவிதாங்கூர் செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்து, தொட்டி மணலில் புதைத்தேன். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பாசி கரைந்தது. எல்லாம் ஜன்னலை அடைத்த தன் மூளை என்று அவர் ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

பிறகு இறால்கள் மல்லாந்தன. எனக்கு ஆச்சரியம் இல்லை. தொட்டி வைத்த அன்றே அவர் ஒரு புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படித்தார்: செம்பு மட்டும் தண்ணீரில் சேரக் கூடாது, எலும்பில்லாத பிராணிகள் பிழைக்காது. அவர் மறந்திருக்கலாம்; எனக்கு ஞாபகசக்தி அதிகம். ராஜாத்தி விரல்களைச் சுருக்கிக்கொண்ட அன்று காசுகளைத் தோண்டி எடுத்தேன். களிம்பு ஏறியிருந்தது. மறுபடி புளி போட்டுத் தேய்த்து, அவள் காலடியிலேயே புதைத்தேன். எலும்புள்ள மீன்கள் இரண்டும் சுகமாகத்தான் நீந்தின. நான் கொடுமைக்காரி அல்ல.

கோமதியம்மாள் போனதும் அவர் அடுக்களைக்கு வந்தார். ஈர உள்ளங்கையில் ஒரு காசு பளபளத்தது.

"ஏட்டி, இது நீ போட்டதா?"

"பாசிக்குப் போட்டேன்."

"பாசி போனதும் எடுத்திருக்கலாம்லா? அவ துடிச்சதைப் பாத்துக்கிட்டேயா இருந்தே?" காசை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ராஜாத்தி உன்னை என்னட்டி செஞ்சா?"

நான் அடுப்பைத் தணித்தேன்.

"சொல்லுதேன். அதுக்கு முன்னே, எனக்கு என்ன பேருன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாப்பம்."