பெயர் சேர்க்கும் கூலி

இந்த அறையின் மின்விசிறி லேசாக உறுமுகிறது, மேடம். பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு எங்கே போனாலும் முதலில் காதுதான் வேலை செய்யும்.

நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்றேன். மறுக்காமல் பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள், நன்றி. எழுதுவதற்கு ஒரே காரணம்தான். பாட்டுக்கார எத்திராஜின் காசை நான் ஏமாற்றிச் சாப்பிட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். எங்கள் அப்பாவின் கடை ஷட்டரில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஏமாற்றுக்காரன் என்ற பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் பெயர் பெனிட்டோ. அப்பாவுக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். இங்கே ராயபுரம் கல்மண்டபத்தில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். கடைக்கு மேலே இருக்கும் குடோன் அறையில் முட்டை அட்டைகளை ஒட்டி அதை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டேன். நான் எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. பாடுகிறவர்கள் தேடி வருவார்கள். மெட்டுக்கு இசை கோத்து, குரலைப் பதிந்து, இணையத்தில் ஏற்றுவது வரை என் ஒருவன் வேலை. கீழேயிருந்து மிளகாய் நெடி ஏறும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பாட்டில் இருமிவிடுவார்கள்.

அப்பா எந்த மூட்டையையும் இரண்டு தடவை நிறுப்பார். கொண்டுவந்தவன் எதிரில் ஒரு தடவை, அவன் போன பிறகு ஒரு தடவை. எங்கள் வீட்டில் சந்தேகம் என்பது கெட்ட குணமில்லை, கல்லாவில் உட்காருகிறவனின் கடமை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

எத்திராஜ் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். விடிந்ததும் காசிமேடு மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கப் போவான். அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து மரண கானா பாடுவான். இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் எப்படி வாழ்ந்தார், யாரை யாரை விட்டுப் போனார் என்று பாடுகிற பாட்டு. சண்டை போட்டுக்கொண்டு முகம் திருப்பிப் போன மருமகள்கூட அவன் பாடினால் ஓடி வந்து தலைமாட்டில் விழுவாள். நானே பார்த்திருக்கிறேன்.

அதற்குள் ஒரு வியாபாரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். பாட்டு ஒன்றுதான். பெயர் வருகிற இடம் மட்டும் காலி. ராயபுரத்தில் ஒருவர் இறந்தால் அந்த இடத்தில் அவர் பெயரை ஒட்டி, போட்டோவும் சேர்த்து உடனே அனுப்பிவிடலாம். ரேட்டில் குழப்பமே கிடையாது. பாட்டுக்கு ஒரு தொகை, பெயர் சேர்க்கத் தனிக் கூலி. எத்திராஜுக்குப் பாடிய அன்றே மொத்தமாகக் கொடுத்துவிடுவேன். பிறகு இணையத்தில் பாட்டு ஓட ஓடச் சொட்டுச் சொட்டாக வருகிற ராயல்டி, ஏற்றியவனுக்கு. அதாவது எனக்கு. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு சாவுக்கும் அவனை ஐஸ் வேலையிலிருந்து இழுத்து வருவது நடக்கிற காரியமா? ஆகவே இந்தக் கரையோரத்தில் வழங்குகிற பெயர்களையெல்லாம் ஒரேயடியாகப் பாடி வைத்துவிடு என்றேன். காதைப் பொத்திக்கொண்டான்.

"உசுரோட கீறவன் பேர சாவுப் பாட்டுல வெச்சிப் பாடக் கூடாதுண்ணா. எங்க ஆளுங்க எவனும் பாட மாட்டான். செத்தவங்க பேருன்னா சொல்லு, எத்தினி வேணாலும் பாடறேன்."

சரி என்று இறந்தவர்கள் பெயராகவே சேர்த்தோம். அதுவே நிறையச் சேர்ந்தது. அவனுடைய சொந்தப் பெயர் மட்டும் சேரவில்லை. எண்ணூரில் வேறொரு எத்திராஜ் இறந்தபோதும் வேறு பாட்டுக்காரனை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். நானும் வற்புறுத்தவில்லை.

அவன் மனைவி பவானியின் அப்பா கோவிந்தராஜ் இறந்தபோது அந்தப் பெயரை என் ஸ்டுடியோவில் வந்து பாடினான். 'ராஜ்' என்கிற இடத்தில் தொண்டை உடைந்தது. மிளகாய் நெடி என்று நினைத்தேன். ஆனால் கேட்க நன்றாக இருந்தது. திரும்ப எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

போன ஆடியில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. பாடி முடித்து, காசை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன், கிளம்பாமல் நின்றான்.

"குப்பத்துப் பசங்கோ போன்ல காட்றானுங்கண்ணா. நம்ம பாட்ட லட்சக்கணக்குல கேட்டுகினு கீறாங்களாமே. அதுல நம்மளுக்கு இன்னா வரும்?"

"பார்க்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

நம்மளுக்கு என்றான், கவனியுங்கள். எனக்கு என்ன வரும் என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒரு தொகையைச் சொல்லி முடித்திருப்பேன். நம்மளுக்கு என்று கேட்கிறவனுக்கு யாரோ பின்னாலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குப் பிறகு அவனை இரண்டாவது தடவை நிறுக்க ஆரம்பித்தேன். ஐஸ் வேலை முடிந்து அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று மார்க்கெட் வாசலில் நின்று பார்த்தேன். தண்டையார்பேட்டையில் ரெஜி என்று ஒருவன் இருக்கிறான். கீபோர்டு வாசிப்பான், சொந்தமாக ஸ்டுடியோவும் உண்டு, நான் செய்கிற அதே தொழில். எத்திராஜ் அங்கேதான் நுழைந்தான். வெளியே வரும்போது ரெஜி அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தான். வேறு ஒரு நாளும் அதேபோல்.

"நேத்து வேலை முடிஞ்சு எங்கே போயிருந்தே?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"எங்கண்ணா போவேன், வூட்லதான்" என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான்.

அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். பாட்டுகள் என்னிடம். பெயர்கள் என்னிடம். தொண்டை மட்டும் அவனிடம். அதைத் தூக்கிக்கொண்டு ரெஜியிடம் போய்விட்டால், நாளைக்கே அதே குரலில் அதே மாதிரிப் பாட்டை என்னைவிடக் குறைந்த ரேட்டுக்கு ரெஜி விற்பான். நான் கட்டிய தொழிலுக்கு நானே வாசலில் நின்று அழ வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். கோபம் இல்லை. அவன் மேல் எனக்குக் கோபம் எப்போதுமே இருந்ததில்லை.

உனக்கென்று ஒரு வீடியோ எடுத்துத் தருகிறேன் என்றேன். அவ்வளவு சந்தோஷப்பட்டான். பவானி மீன் விற்ற காசில் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள். மஞ்சள் நிறம், காமிராவில் நன்றாக எடுபடுகிற நிறம்.

எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டுக்குப் பின்னால் இருக்கும் மண் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். பின்னணியில் அடுக்கடுக்காகக் கண்டெய்னர்கள், அதற்கும் மேலே அனல்மின் நிலையப் புகைபோக்கி. வெளிச்சம் பார்க்க முன்பே சில தடவை போய் வந்திருந்தேன். காலை வெளிச்சம் பிரமாதம். கூடவே இன்னொன்றையும் பார்த்து வைத்தேன். டிரெய்லர் லாரிகள் அங்கேதான் பின்பக்கமாக வந்து திரும்பும். பாதி வண்டிகளில் கிளீனர் கிடையாது. பின்னால் நின்று தட்டிச் சொல்ல ஆளில்லை.

ஸ்டுடியோவில் எனக்கும் அவனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. என் கை மேலே இருக்கும்வரை பாடுவான், கை இறங்கினால் நிறுத்துவான். வேறு எது நடந்தாலும் நிறுத்த மாட்டான். ஒரு தடவை கீழே மூட்டை சரிந்து கட்டிடமே அதிர்ந்தபோதுகூட, என் கையைப் பார்த்துக்கொண்டே பாடி முடித்தான். அப்படி ஒரு பாடகன் கிடைப்பது அபூர்வம்.

பாதை நடுவில் நிற்க வைத்து, வெளிச் சத்தம் புகாத என்னுடைய இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிவிட்டேன்.

"சவுண்டு ஜாஸ்தியா கீதுண்ணா."

"அப்படித்தான் இருக்கணும். திரும்பிப் பார்க்காதே, எடுத்தது வீணாயிடும். என் கையை மட்டும் பாரு."

கையைத் தூக்கினேன். பாட ஆரம்பித்தான். நன்றாகவே பாடினான். வண்டி அவனுக்குப் பின்னால் வந்தது. அவன் கண் என் கையை விட்டு நகரவில்லை. நான் கையை இறக்கவில்லை.

வல்லரசு என்ற அந்த டிரைவரை விட்டுவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. மெதுவாகத்தான் வந்தார்.

அன்று முழுக்க நான் பவானியோடுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில், பிணவறை வாசலில், ஆம்புலன்சில், எங்கேயும் அவளைத் தனியாக விடவில்லை. அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சாயங்காலம் உடலைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மற்றப் பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அங்கேதான் அவசரப்பட்டுவிட்டேன்.

மரண கானாவுக்கு ஒரு கணக்கு உண்டு. உடல் வீட்டில் இருக்கும்போதே ஒலிக்க வேண்டும். அழுகிற கூட்டம் அதைப் போனில் பிடித்து அனுப்ப வேண்டும். எடுத்துப் போன பிறகு வருகிற பாட்டை யாரும் சீந்த மாட்டார்கள். வேறு எவனோ எத்திராஜுக்குப் பாடி, அது ஊரெல்லாம் பரவுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? என் போனை ஸ்பீக்கரில் இணைத்தேன். எத்திராஜின் சாவுக்கு எத்திராஜின் குரலே பாடியது. கூட்டம் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

பவானி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டாள். எழுந்து என் பக்கத்தில் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அவரு பேர அவரு பாட மாட்டாருண்ணா. இது எங்கப்பன் பேருல கீற ராஜ். அழுவ முட்டிகினு வந்து தொண்ட ஒடஞ்சி பாடுனாரு, எனக்குத் தெரியாதா? ஒட்டியிருக்கே. காலைலேர்ந்து என்கூடவே கீறியே. எப்பண்ணா ஒட்டுனே இத்த?"

மிளகாய் நெடி இல்லை, அழுகை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் காதை வைத்துப் பிழைத்தவன், அதைத் தவற விட்டிருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். வீடியோ எடுப்பதற்கு முந்தைய வாரமே ஒட்டி முடித்துவிட்டேன். 'எத்தினி சனம் வந்து நிக்கிது' என்று ஒரு பாட்டில் பாடியிருந்தான். அதிலிருந்து 'எத்தி'. மாமனார் பெயரிலிருந்து 'ராஜ்'. பாட்டு தயாரான பிறகுதான் அவனைக் கூப்பிட்டு, சட்டை என்ன நிறம் போடப் போகிறாய் என்று கேட்டேன்.

நேற்று நீங்கள் ரெஜியின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். எத்திராஜ் அவனிடம் பாடப் போகவில்லையாம். ராயல்டி என்றால் என்ன, அதில் பாடுகிறவன் எவ்வளவு கேட்பது வழக்கம் என்று விசாரிக்கத்தான் போனானாம். "பெனிட்டோண்ணன் நல்லவரு, கேட்டா குடுப்பாரு. எவ்ளோ கேக்குறது நாயம்னுதான் எனக்குத் தெர்ல" என்றானாம். பாதி கேள் என்று ரெஜி சொல்ல, பாதி ஜாஸ்தி என்று கூச்சப்பட்டானாம். இதை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. உண்மை என்றால் வருத்தம்தான். என்னிடமே கேட்டிருக்கலாம், நியாயமாக ஒரு ரேட் சொல்லியிருப்பேன்.

ஆக, எத்திராஜைக் கொன்றது நான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பாட்டு இப்போது என் மற்ற எல்லாப் பாட்டையும்விட நன்றாக ஓடுகிறது. வருகிற ராயல்டியில் சரிபாதி பவானிக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். அவன் கேட்கக் கூச்சப்பட்ட அதே பாதி. பெயர் சேர்க்கும் கூலியை மட்டும் அவள் பங்கில் கழித்திருக்கிறேன், அது எல்லோருக்கும் உள்ளதுதான். இரண்டு துண்டாகக் கிடந்த பெயர் என்பதால் ஒட்டுவதற்கு மற்றப் பெயர்களைவிட வேலை அதிகம் பிடித்தது. இருந்தும் நான் ரேட்டைக் கூட்டவில்லை.