இடம் பார்க்காமல் அனுப்பிய பட்டியல்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, ஊழியர் சங்கத் தோழர்களே, தொழில் நடத்தும் அண்ணாச்சிமார்களே, எங்கள் வாசலில் வெயிலில் வரிசை நின்றே பழகிப்போன என் மக்களே! இன்று உங்கள் எல்லாருக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம். உட்கார்ந்து கேளுங்கள்.

பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம். ஐயாவின் படத்துக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கச் சொல்லியிருந்தேன். வைத்தாயிற்றா? மாலைக்குப் பின்னால் மறைக்காதீர்கள். அவர் கண்ணுக்குப் படுகிற மாதிரி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் சண்முகசுந்தரி, இந்தக் கிளை வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கண்காணிப்பாளர். வள்ளென்று விழுகிறவள் என்று எனக்குப் பெயர். உங்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அப்படித் திட்டு வாங்கியவர்களைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசியவர்தான் நம் வேலைவாய்ப்பு அலுவலர் திருமிகு ஆ. செந்தூர்பாண்டி அவர்கள். பத்தொன்பது ஆண்டுகள் அவர் பக்கத்து மேசையில் இருந்தேன்.

அவர் அப்படி என்ன செய்துவிட்டார்? பெயர் பதிந்தார், பதிவைப் புதுப்பித்தார், ஆள் கேட்ட நிறுவனத்துக்குப் பட்டியல் அனுப்பினார். எல்லா அலுவலரும் செய்வதுதானே? இல்லை! பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார். எந்த அரசாணையிலும் அது இல்லை. "பொண்ணக் குடுக்குற வீட்டப் பாக்காமக் குடுப்பமா சுந்தரி?" என்பார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

இதோ முன்வரிசையில் பால்துரை அண்ணாச்சி இருக்கிறார். திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்துகிறவர். வரவேற்பு மேசைக்கு இரண்டு பெண்கள் வேண்டும் என்று ஒரு முறை கேட்டார். ஐயா போய்ப் பார்த்துவிட்டு, "ரூம் எல்லாம் ஜோரா இருக்கு அண்ணாச்சி. வேலை பாக்குற பிள்ளைங்க எங்கன போய் ஒதுங்கும்?" என்றார். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! "என்னவே, நீரு ஆள் அனுப்ப வந்தீரா, கக்கூஸ் எண்ண வந்தீரா?" சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, நீங்கள் சொன்னதுதானே? ஒரே மாதத்தில் கட்டினீர்கள். அப்புறம் வந்த இருவரில் டயானா இன்றைக்கு அதே லாட்ஜின் மேலாளர். ஆள் தங்கமாட்டேன் என்கிறது என்று எங்களிடம் வந்து புலம்பிய முதலாளி, அதற்குப் பிறகு இன்றுவரை எங்களிடம் ஆள் கேட்டு வந்ததில்லை. இது தொழிலாளிக்கு மட்டும் செய்த நன்மையா? முதலாளிக்கும் சேர்த்துச் செய்ததில்லையா?

பதிவைப் புதுப்பிக்கத் தவறியவர்களையும் விடமாட்டார். கொற்கைக்குப் போவார், ஆழ்வார்திருநகரிக்குப் போவார், தேரிக்காட்டுச் செம்மணலில் தன் குடையை ஊன்றி ஊன்றி நடந்து போவார். எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் முதல் பேச்சு ஒன்றுதான். "ஒரு சொம்பு தண்ணி குடு தாயி, பொறவு பேசுவோம்." முழுச் சொம்பையும் குடித்துவிட்டுத்தான் வந்த சேதியைச் சொல்வார்.

மூன்று வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்குக் கோப்போடு அவர் அறைக்குப் போனேன். "ஐயா" என்றேன். பேனா விரலிடுக்கில் அப்படியே இருந்தது. மனிதர் உயிரோடு இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் முன்னால் விரித்திருந்தது ஒரு மீன் பதப்படுத்தும் நிறுவனத்தின் கடிதம். பெயர் சொல்லமாட்டேன், விசாரணை நடக்கிறது. 'உதவியாளர், ஏழு பேர்' என்று கேட்டிருந்தார்கள். என்ன உதவி? எதற்கு உதவி? ஒரு வரி இல்லை. கடிதத்தின் ஓரத்தில் ஐயா எழுதியிருந்தார்: 'இடம் பார்க்கணும்.'

வியாழக்கிழமை தகனம் முடிந்தது. வெள்ளிக்கிழமை பொறுப்பு என் கைக்கு வந்தது. அந்த மேலாளர் நான்கு முறை போன் செய்தார். திங்கட்கிழமை ஆள் வராவிட்டால் வெளியூரிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்றார். ஏழு வீட்டில் அடுப்பு எரியுமே என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேனா? இல்லை! எனக்குக் கால் இல்லையா? இருந்தது! ஐயா எழுதிய எழுத்தை என் கண்ணால் பார்த்துக்கொண்டே அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஏழு பேருக்கும் குறுஞ்செய்தி பறந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் போன். ஆழ்வார்திருநகரி முத்துச்செல்வம்.

"மேடம், நான் அந்த வேலைக்குப் போகல. சார் வேண்டாம்னு சொல்லிட்டாவ."

"எந்த சாருலே?"

"நம்ம செந்தூர்பாண்டி சார்தான். நேத்து உச்சிக்கு வாசல்ல வந்து நின்னாவ."

"காலையிலயே குடிச்சிருக்கியா? சார் செத்து அஞ்சு நாளாச்சுலே!" என்று கத்தினேன்.

 அவன் மெதுவாகச் சொன்னான்: "அதான் மேடம்... தண்ணி குடுத்தேன். வேண்டாம்னுட்டாவ."

அடுத்தது கொற்கையிலிருந்து. அதற்கடுத்தது திருச்செந்தூரிலிருந்து. ஏழரை மணிக்குள் ஆறு போன், அன்பர்களே! ஆறு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆறு பேரும் சொன்னது ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே உச்சிப்பொழுது. குடையை விரித்தபடி வாசலுக்கு வெளியே நின்றாராம். படி ஏறவில்லையாம். தண்ணீரை வாங்கவில்லையாம். "எறங்க ஏணி இருக்கு, ஏற வழி இல்ல. போகாத" என்றாராம்.

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் சிரிக்கலாம். நானும் இப்படிப்பட்ட கதைகளுக்குச் சிரித்தவள்தான். அந்த ஆறு பேரும் இங்கே வந்திருக்கிறார்கள். கொஞ்சம் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. பார்த்துக்கொண்டீர்களா தலைவரே? சரி, கையை இறக்குங்கள்.

ஏழாவது ஆள் ஷாம். அவனிடமிருந்து போன் இல்லை. அவனுக்கு மட்டும் ஐயா சொல்லவில்லையா? அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புது எண்ணிலிருந்து போன். மீனவர் தெருவிலிருந்து பிச்சம்மாள் என்று ஒரு அம்மா.

"ஏம்மா, உங்க ஆபீஸ் சார் நேத்து மத்தியானம் ஷாமத் தேடி இங்கன வந்தாவ. அவன் வீடு மாறிப் போய் எட்டு மாசமாச்சுன்னேன். எங்கன்னு கேட்டாவ, எனக்குத் தெரியலைன்னேன். அப்படியே நின்னாவ. வெயில்ல அவ்வளவு நேரம் நின்னாவம்மா! பொறவு, காலையில சுந்தரிக்குப் போன் போட்டுச் சொல்லுன்னு உங்க நம்பரச் சொன்னாவ."

போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? வீடு மாறியதை ஷாம் எட்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். என் கையில்தான் கொடுத்தான். நாளைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று இழுப்பறையில் போட்டவள் நான். அவன் செல்போன் எண் மாறவில்லை, அதனால் என் செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐயா செய்தி அனுப்புகிறவரா? வீட்டுக்குப் போகிறவர் அல்லவா! பதிவேட்டில் இருந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஷாமுக்குப் போன் போட்டேன். அவன் மனைவி ஜெஸ்மி எடுத்தாள். "போனை உள்ள விடமாட்டாங்களாம் மேடம், வச்சிட்டுப் போயிட்டாவ" என்றாள். ஆட்டோ பிடித்தேன். துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. இறங்கி ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில் ஓடினேன்! காவலாளியைத் தள்ளிவிட்டு உள்ளே போனபோது தரையோடு ஒரு கழிவுக் குழி திறந்திருந்தது. ஏழு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவன் போதும் என்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஷாம் ஏணியில் இடுப்பளவு இறங்கிவிட்டான்.

"ஏலே ஷாம்! ஏறுலே மேல!"

"மேடம், ரெண்டு வருசம் காத்திருந்து கெடைச்ச வேலை..."

"ஏறுலேங்கேன்!"

அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். பிற்பகல் தீயணைப்புத் துறையினர் விஷவாயு அளக்கும் கருவியோடு வந்து பார்த்தார்கள். அடியில் நின்றிருந்தால் மூன்றாவது மூச்சு கிடையாது என்றார்கள். அந்தக் குழியில் ஏணியின் கடைசி ஐந்து படிகள் அரித்துப்போய் இல்லை. இறங்குகிறவன் குதிக்கலாம். ஏறவே முடியாது.

ஷாம் கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அழாதே ஷாம். அழ வேண்டியவள் நான்.

ஐயாவின் துணைவியார் ஆறுமுகத்தாய் அக்காவிடம் இதையெல்லாம் போய்ச் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "எங்க வீட்டுக்கு மட்டும் வரலையே சுந்தரி. உசுரோட இருக்கும்போதும் ஆபீசுதான், இப்பவும் ஆபீசுதானா?" என்று கேட்டார்கள். அக்கா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் இன்றைக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

மேசையில் இருந்த கோப்புகளை எடுத்துக்கொண்டு அவர் அறையைப் புதன்கிழமையே பூட்டிவிட்டோம். சாவி என்னிடம். ஆணியில் அவர் குடை தொங்கியது. அந்தத் திங்கட்கிழமை மாலை திறந்தேன். குடையின் முனையில் சிவந்த தேரி மண் ஒட்டியிருந்தது. நான் துடைத்து மாட்டினேன். நேற்றுத் திறந்தேன். மறுபடியும் மண், கூடவே உப்பு. நேற்றைக்குத்தான் ஒரு உப்பள முதலாளியும் போன் செய்தார். பத்துப் பேர் கேட்டு எழுதியிருக்கிறேன், அதற்குள் உங்கள் ஆள் வந்து பாத்தி ஓரத்தில் உச்சி வெயிலில் குடையோடு நிற்கிறாரே, கூப்பிட்டால் திரும்பவில்லையே என்றார். நாங்கள் யாரையும் அனுப்பவில்லை.

அக்கா, அவர் வீட்டுக்கு வராததற்குக் காரணம் நான்தான். இடம் பார்க்க ஆள் இல்லை என்று அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

அதனால், ஐயா, இந்த அவையைச் சாட்சி வைத்து உங்களிடமே பேசுகிறேன். என் இழுப்பறையில் கிடந்த சீட்டுகள் அத்தனையும் நேற்றிரவுக்குள் பதிந்துவிட்டேன். இழுப்பறை காலி. பார்க்காத இடத்துக்கு என் கையெழுத்தில் இனி ஒரு ஆள் போகமாட்டான். அந்த உப்பளத்துக்கு நாளை நான் போகிறேன். நிழல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, பெண்கள் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். இதோ, உங்கள் குடை என் கையில் இருக்கிறது. இனி இது ஆணிக்குத் திரும்பாது.

நடந்தது போதும் ஐயா. வெயில் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அக்கா காத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போங்கள்.