கபுலா எழுதிய பக்கம்

சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வருகிறவர்களுக்கு முதலில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் அனுபவம். வேலையைப் பிறகு சொல்லலாம். ஏரிக்கரை ஊரான இந்த ம்வான்ஸாவில் என் குழுவுக்கு வந்த ஒவ்வொருவரும் என் செலவில் டீயும் சப்பாத்தியும் சாப்பிட்டவர்கள்தான். கபுலாவும் சாப்பிட்டிருக்கிறாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை, விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ம்கேஷா என்றால் கண்விழித்துக் காத்திருப்பது. ஆஸ்பத்திரி சர்வர்களில் ஓடும் எங்கள் மென்பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். யாரும் காசு கொடுக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். குழந்தைகள் வார்டில் ஆக்சிஜன் மெஷின் நின்றால் செவிலியின் செல்போனுக்கு உடனே செய்தி போகும். ஓடிவந்து சிலிண்டரை மாட்டிவிடுவார்கள். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் ம்கேஷா தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அப்போது செய்தி வராது. அந்த நேரத்துக்கு மெஷின் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பல வருடங்களாக இதற்கு உருப்படியான விளக்கக் குறிப்பு கிடையாது. நான் ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்திருந்த நாலு பக்கம்தான். எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏரியைத் தாண்டிப் படகில் போவேன். வாசலிலேயே "ஃபுண்டி வந்துட்டாரு" என்று குரல் கேட்கும். கைதேர்ந்த ஆளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முழு சாத்தோ மீனைப் பொரித்து உகாலிக் களியோடு வைப்பார்கள். தலைமைச் செவிலியே பக்கத்தில் நின்று பரிமாறுவார். மீனுக்காக நான் போகவில்லை. ஆனால் அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கபுலா பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுப்பவள். வந்த வேகத்தில் குறிப்புகளை எங்கள் மொழியான ஸ்வாஹிலியில் எழுத ஆரம்பித்தாள். எழுதுவதோடு விடவில்லை. சனிக்கிழமைகளில் செவிலிகளைக் கூட்டி, பக்கத்தைக் கையில் கொடுத்து, "நான் வாயே தெறக்க மாட்டேன், நீங்களா படிச்சுக் கம்ப்யூட்டர்ல போடுங்க" என்பாள். அவர்கள் எந்த வரியில் முழித்தார்களோ அந்த வரியைத் திருத்துவாள். முழித்தவர்களின் பெயரையும் பக்கத்தின் அடியில் நன்றியோடு போடுவாள். பெயர் வந்த பெருமையில் அவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை என் பழைய பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு செவிலி கேட்டாள், "இத எழுதுன மகராசன் ஆஸ்பத்திரி பக்கம் தலைவச்சாவது படுத்திருப்பானா?"

"யக்கா, அவரு ஒனக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்காரு," என்றாள் கபுலா.

"அய்யய்யோ. டீ ரொம்ப நல்லாருக்குண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவது குறைந்தது. சில இடங்களில் அவளை ஃபுண்டி என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

உங்களில் வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மொழியில் மணிக்கணக்கு சூரியனோடு தொடங்கும். இருட்டி ஒரு மணி நேரம் ஆனால் அது இரவு ஒரு மணி. கடிகாரம் இரவு எட்டைக் காட்டும்போது எங்கள் வாய் 'ஸா ம்பிலி', அதாவது இரண்டு மணி என்று சொல்லும். 'ஸா நானே', எட்டு மணி என்றால், அது நடுநிசி தாண்டிக் கடிகாரம் இரண்டைக் காட்டும் நேரம். ஆங்கிலத்தைப் பார்த்து ஸ்வாஹிலியில் எழுதுகிறவர்கள் இதில் சறுக்குவது சகஜம். ம்கேஷா சுத்தம் செய்துகொள்வது கடிகாரப்படி இரவு எட்டுக்கு. கபுலாவின் பெயரில் வெளியான பக்கத்தில் ஸா நானே என்று இருந்தது.

ஏரிக்கு அக்கரையில் உள்ள ஒரு ஆஸ்பத்திரி, என்னைக் கூப்பிடாமல் அந்தப் பக்கத்தை வைத்தே ம்கேஷாவைப் போட்டுக்கொள்ளப் போவதாக, பக்கம் வெளியாகும் முன்பே தகவல் அனுப்பியிருந்தது. போட்டும்விட்டார்கள். அங்குள்ள தலைமைச் செவிலி ந்ஷோமா போன் செய்தார்.

"அண்ணே, இனி நீங்க படகேறி அலைய வேணாம், நாங்களே போட்டுட்டோம். ஸா நானேக்கு ஒரு பொண்ண உக்கார வச்சிருக்கேன். தூக்கம் கெட்டுக் கெடக்கு, பாவம்."

"நல்லது," என்றேன்.

அவர் என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த வாரமே, கடிகாரம் இரவு எட்டைத் தாண்டிய நேரத்தில், அங்கே ஆக்சிஜன் மெஷினின் ஃபியூஸ் போனது. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. செவிலிகள் அடுத்த அறையில் ஒரு பிரசவத்தில் இருந்தார்கள். செல்போனில் செய்தி எதுவும் வரவில்லை. வார்டில் குறைமாதத்தில் பிறந்த இரட்டையர் இருந்தார்கள். எங்கள் சுகுமா இன வழக்கப்படி முதலில் பிறந்தது குல்வா, அடுத்தது டோட்டோ. குல்வா பிழைத்துக்கொண்டது. டோட்டோ பிழைக்கவில்லை.

மறுநாள் கபுலா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நானா அப்படி எழுதுனேன்? ம்பிலின்னு எழுதுன மாதிரிதான் எனக்கு நெனப்பிருக்கு."

"அசதியில எழுதியிருப்பம்மா. எல்லாருக்கும் வர்றதுதான். மனசப் போட்டு அலட்டிக்காத."

அவள் நம்பினாள். அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாளாம். பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டாள். இப்போது யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. நன்றாக எழுதக்கூடிய பெண்.

சரி, நீங்கள் காத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் எழுதி அனுப்பியது ஸா ம்பிலி. குழுவில் யார் எழுதினாலும் என் பார்வைக்கு வந்துதான் வெளியே போகும். அக்கரை ஆஸ்பத்திரியின் தகவல் வந்த அன்று, ஸா ம்பிலியை எடுத்துவிட்டு 'ஸா நானே' என்று போட்டவன் நான். பெயரை அவளுடையதாகவே விட்டேன். ஏதாவது இடறினால் என்னைக் கூப்பிடுவார்கள், போய்ச் சரிசெய்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். குழந்தை சாகக்கூடும் என்று தெரியாதா என்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதன்முதலில் எழுதி வைத்தவனே நான்தான். தெரியும்.

கபுலாவிடம் இதைச் சொல்லுங்கள். குழுவுக்கு அவள் வேண்டும். திரும்பி வந்தால் அந்தப் பக்கத்தை அவளிடமே கொடுத்துவிடலாம். வெளியே போகும் முன் நான் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.