மேஸ்திரியிடம் பல்லைக் காட்டியவள்

ஸ்ரீராம்புரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். தெரு பெருக்குகிறவர்களின் யூனிஃபார்ம் கோட்டு. சின்னவள் முகத்தில் மாஸ்க்.

"அக்கா, நேத்து மேஸ்திரிகிட்ட பல்லைக் காட்டிட்டேன்."

பெரியவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "லீவு கேட்டா எரிஞ்சு விழறவன் அவன். அவன்கிட்ட உனக்கு என்னடி இளிப்பு?"

சின்னவள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். "நிஜமாவே காட்டினேங்கா. பாரு!"

முன்னால் இரண்டு புதுப் பல்.

"அடிப்பாவி! எப்படிக் கட்டினே? பல தரம் வரச் சொல்லுவாங்களே."

"டென்டல் காலேஜ்லக்கா. லீவு கேட்டதுக்கு, 'கசா பெருக்கறதுக்குப் பல்லு யாக்கேம்மா'ன்னு, குப்பை கூட்டறவளுக்குப் பல்லு எதுக்குன்னு சிரிச்சான் இல்ல? அப்புறம் நான் கேக்கவே இல்ல. நான் போன நாளெல்லாம் பக்கத்துத் தெரு பெருக்கற சாந்திதான் என் தெருவையும் சேத்துப் பெருக்கினா. நேத்து ஹாஜர் போடறப்ப அவன் மூஞ்சிக்கு நேரா ஈன்னு காட்டினேன்."

பெரியவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வரும்வரை சிரித்தாள். எழுந்தபோதுதான் கையை எடுத்தாள். அவளுக்கும் மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை.

"திங்கக்கிழமை என் தெருவ நீ பெருக்குடி."