பத்து வட்டங்களுக்கு நாங்கள் போட்ட பூஜ்யம்

முப்பத்தோர் ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றும், விடையைச் சொல்லிவிடாமல் காத்திருக்கும் வித்தையை விடாது காத்த வித்தகரே! கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சுப் பிள்ளை யோசித்து முடிக்கும்வரை கடிகாரத்தைப் பாராத கணித ஆசிரியையே! எங்கள் மூத்த சகோதரியே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், இப்பள்ளியின் கணித ஆசிரியர்கள் எழுவரும் எழுந்து நின்று, தலைநிமிர முடியாமல் படிக்கும் மடல் இது.

தங்கள் பொறுமையைப் போற்றத்தான் மேடை ஏறினோம். ஆனால் அந்தப் பொறுமைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘ஆமை டீச்சர்’. அதை மறைத்துவிட்டுப் போற்றினால் பொய்யாகிவிடும். ஓய்வறையில் அப்படிச் சொல்லிச் சிரித்தவர்களில் இதை எழுதும் நானே முதல் ஆள். மடலுக்கு விவரம் திரட்டத் தங்கள் பழைய நோட்டுகளைக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தீர்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளில் “கணக்குன்னா என்ன?” என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது இடப்பக்கம். பிறகு ஆண்டு முழுக்க அவர்கள் கணக்கை எப்படி அணுகினார்கள் என்பது வலப்பக்கம். “கணக்கு சட்டுனு வரணும், இல்லன்னா வராது” என்றவன், ஒரு நிமிடம் தடுமாறியதும் பேனாவை மூடிவிட்டான். “எந்தச் சூத்திரம்னு கண்டுபிடிக்கிறதுதான் கணக்கு” என்றவள், கேள்வியில் கண்ட எண்களையெல்லாம் பெருக்கி, ஓர் அப்பாவுக்கு முந்நூற்று அறுபது வயது என்று கூசாமல் எழுதினாள். “யோசிச்சா வரும்” என்றவர்களோ படம் போட்டார்கள், சின்ன எண்ணை வைத்துப் பார்த்தார்கள், அடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். பிள்ளை எதை நம்புகிறதோ அதன்படிதான் அதன் கை போகும் என்று எத்தனையோ முறை எங்களிடம் சொன்னீர்கள். பாடத்தை எப்போது முடிப்பீர்கள் என்று நாங்கள் கேட்டோம்.

இடப்பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். “சட்டுனு வரணும்” என்பது என் வாக்கியம். என் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பித்திருந்தார்கள். சூத்திரம் என்பது என் பக்கத்து மேசைக்காரருடையது. யார் சொல்லிக் கொடுத்தது என்று தாங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. எங்கள் குரல் எங்களுக்குத் தெரியாதா?

நம் அலுவலக உதவியாளரின் மகளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்றுகால் முக்காலியும் நாலுகால் நாற்காலியும் சேர்ந்து பத்து, கால்கள் முப்பத்து நான்கு, நாற்காலி எத்தனை என்பது, பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பிரிவில் சேர்க்க நம் பள்ளி வைத்த தேர்வின் ஐந்து மதிப்பெண் கேள்வி. அவள் பத்து வட்டம் போட்டாள். எல்லாவற்றுக்கும் மூன்று கால் வரைந்தாள். மிஞ்சிய நான்கு காலை நான்கு வட்டங்களுக்குக் கொடுத்து, நாற்காலி நான்கு என்று எழுதினாள். நான் பூஜ்யம் போட்டேன். “விடை சரி, யோசனையும் சரி, அப்புறம் எதுக்கு பூஜ்யம்?” என்று கேட்டீர்கள். “சமன்பாடு எங்க டீச்சர்?” என்றேன். மற்ற ஆறு பேரும் என் பக்கம் தலையாட்டினார்கள். அந்த ஐந்து மதிப்பெண் குறைந்ததால் அவளுக்குக் கணிதப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. அதே மாதம், தாங்கள் மெதுவாக நடத்துகிறீர்கள் என்று மனு எழுதிக் கொடுத்து, மேல்வகுப்புகளைத் தங்களிடமிருந்து பிடுங்கினோம். ஆறு ஆண்டுகள் ஆறாம் வகுப்பில் மட்டும் நின்றீர்கள். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

இதோ, தங்களுக்குப் பின்னால் தொங்கும் இந்த மேடைத் திரையைத் தைத்தவள் அவள்தான். துணி போதாது, இன்னும் வாங்க வேண்டும் என்று அவளுடைய தையல்கடையில் சொன்னேன். அவள் ரசீதின் பின்புறம் கட்டங்கள் வரைந்து, துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டு, இருக்கிற துணியிலேயே அடக்கிவிட்டாள். “இவ்வளவு கணக்கு தெரிஞ்சிருக்கே” என்றேன். “இது கணக்கில்ல சார், சும்மா படம். எனக்குத்தான் கணக்கு வராதே” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மனுவை எழுத்தில் திரும்பப் பெற்றுவிட்டோம். படம் போட்டு வந்த விடைக்கும் முழு மதிப்பெண் என்று முடிவு செய்துவிட்டோம். தங்கள் ஆறு ஆண்டுகளை அதனால் திருப்பித் தர முடியாது. நேற்று எழுவரும் அந்தக் கடைக்குப் போய், அன்று நீ செய்தது சரியான கணக்குதான் என்று அவளிடம் சொன்னோம். “பரவாயில்ல சார், விடுங்க” என்று சிரித்தாள். எங்களை நம்பவில்லை. தாங்கள் சொன்னால் நம்புவாள்.

அம்மையீர், ஓய்வென்று அனுப்பிவைக்கும் வேளையிலும் எங்கள் தவற்றைத் திருத்தும் வேலையைத் தங்களிடமே ஒப்படைக்கிறோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடல்நலமும் உள்ள நிறைவும் குன்றாமல், உற்றார் சூழ நெடுநாள் வாழுங்கள். அதில் ஒரே ஒரு மாலை மட்டும், அந்தத் தையல்கடைக்குப் போய் வாருங்கள்.

தலைகுனிந்து,
கணித ஆசிரியர்கள் எழுவர்